கருப்பசாமி குடியை விட்ட மாசி

"சாமி குடிச்சா அதுவும் கணக்குல சேருமா டாக்டர்?"

பாண்டிசெல்வி இப்படிக் கேட்டபோது டாக்டர் நவநீதகிருஷ்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் அப்போதே எழுந்து போயிருப்பாள். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவர் வீட்டுக்கும் ஒரு குலதெய்வம் உண்டு, அதற்கும் வருஷத்துக்கு ஒரு படையல் உண்டு. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"குடிச்சது யாருன்னு ஈரலுக்குத் தெரியாதும்மா. தொண்டைக்குக் கீழ எறங்கிருச்சுன்னா அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஒரு மூடி அளவு?"

"ஒரு மூடியும் கூடாது. செத்துப் போகக் கிடந்த ஈரல் இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்கு. இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்காது."

பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கேள்வி வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் கேட்டவளுக்கு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கால்வாய்க் கரையில் சங்கிலிப்பாண்டி வகையறாவின் கருப்பசாமி இருக்கிறார். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் உச்சிப் பொழுதில் அவருக்குக் கொடைத் திருவிழா. அன்றைக்கு அவர் வந்து இறங்குவது சங்கிலிப்பாண்டியின் உடம்பில்தான். இறங்கியதும் படையலில் வைத்த பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். அந்த வகையறாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: குடிப்பது கருப்பசாமி, சங்கிலிப்பாண்டி இல்லை. கொடைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற செட் ஒன்றில் சங்கிலிப்பாண்டி தறி ஓட்டினான். பாண்டிசெல்வி அங்கேயே துணியைச் சுருட்டிக் கட்டுப் போடுகிற வேலை பார்த்தாள். சாயங்காலம் செட்டை விட்டு வெளியே வந்தால் அவன் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். முதலில் சனிக்கிழமை மட்டும் திரும்பியது. அப்புறம் கிழமை பார்க்கிற வழக்கம் போயிற்று. கடைசியில் பல் விளக்குவதற்கு முன்பே கை நடுங்கி, அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு கட்டிங் தேவைப்பட்டது. வேலையைக் கெடுக்கவில்லை, பெண்டாட்டியை அடிக்கவில்லை, தெருவில் விழுந்து கிடக்கவில்லை. அதனாலேயே யாரும் அவனைக் குடிகாரன் என்று சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வினையாகிப் போனது.

தீபாவளி கழிந்து கண் மஞ்சளானது. எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள்? பச்சிலை கொடுக்கிற இடத்துக்குத்தான் போவார்கள். பச்சிலையோடு பத்தியமும் சேர்ந்து வரும். எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, கறி மீன் பேச்சே எடுக்கக் கூடாது. குழைந்த சோறும் நீர்மோரும் மட்டும். பாண்டிசெல்வி அதை இம்மி பிசகாமல் நடத்தினாள். பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசனைகூட அவன் மூக்கில் ஏறக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வைத்தாள். அவன் பசி என்றால் இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தாள். சில வாரங்களில் கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாசக்காரி வயிறாக முன்னால் வந்து நின்றது. ஒருநாள் காலையில் அவன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத தறியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தான். அவள் தோளைத் தொட்டதும் திரும்பி, "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டான்.

அவளோடு வேலை பார்க்கிற ஜெபாதான் வேன் பிடித்துக்கொண்டு வந்தாள். இருவருமாக அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஈரலுக்கென்று தனி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் நவநீதகிருஷ்ணன் அவன் கண்ணையும் வயிற்றையும் பார்த்தார், இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அது படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தார். பிறகு என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். பாண்டிசெல்வி பெருமையாகப் பத்தியத்தைச் சொன்னாள்.

"குடி பாதி ஈரலக் கெடுத்துச்சு. பட்டினி மீதியக் கெடுத்துச்சு," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இத்தனை நாளும் தன் கையாலேயே அவனைக் கொன்றுகொண்டிருந்தோமே என்று அவள் வராந்தாவில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். ஜெபா அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா அழு. ஆனா வெரசா அழுது முடி," என்றாள் ஜெபா. "உள்ள கூப்பிடுதாவ."

ஈரல் செயலிழந்துகொண்டிருக்கிறது, பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். முதலில் உடம்பில் வேறு கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்று தெரிந்த பிறகு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்ப்போம், மஞ்சள் இறங்கியிருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம், இறங்காவிட்டால் அதை நிறுத்திவிட்டு ஈரலையே மாற்றுகிற பெரிய ஆபரேஷனைத்தான் யோசிக்க வேண்டும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, பாலும் சத்துமாவும் இறக்கினார்கள். மூளைக்கு ஏறிய விஷம் மலத்தோடு இறங்குவதற்கு ஒரு இனிப்பு டானிக் கொடுத்தார்கள். அது இறங்கியபோது பாண்டிசெல்வி செய்த வேலையையெல்லாம் கதையில் அழகாகச் சொல்ல முடியாது. அவள் முகம் சுளிக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மூன்றாம் நாள் அவன் கண்ணைத் திறந்து, "செல்வி, என் தறிய யாரு பாக்கா?" என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். அவள் வார்டு முழுவதும் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் கட்டிலுக்கே வந்து, "எறங்கியிருக்கும்மா. நல்லாவே எறங்கியிருக்கு," என்றார். மருந்து பிடித்துவிட்டது. ஆனால் மருந்து கதவைத்தான் திறக்கும், உள்ளே போவதற்குச் சோறுதான் வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு மணிக்கொரு தரம் சாப்பாடு, முட்டை, பால், பருப்பு, சுண்டல், கறி என்றால் கறி. படுப்பதற்கு முன்னால் கட்டாயம் ஒன்று. உப்பு மட்டும் கொஞ்சமே கொஞ்சம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை யுத்தம் என்றே சொல்ல வேண்டும். அவனுக்குப் பசி என்பதே இல்லை. உப்பில்லாத முட்டையை வாயில் வைத்தால் குமட்டியது. அவள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள், மிளகைத் தட்டிப் போட்டாள், கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் அவன் மடியில் ஏறி உட்காராத குறையாக வாயில் திணித்தாள். செட் வேலைக்கு நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடினாள்.

"ஏட்டி, நீ புருசன வளக்கியா, கெடா வளக்கியா?" என்று ஜெபா கேட்டாள்.

"எதுனாலும் எடை ஏறுனாச் சரி," என்றாள் இவள்.

தை பிறந்தபோது வயிறு வற்றியிருந்தது. கன்னத்தில் சதை தெரிந்தது. கண் வெள்ளையாக, கண்ணாகவே இருந்தது. குடி ஞாபகம் வராமல் இருப்பதற்கு டாக்டர் தனியாக மாத்திரை கொடுத்திருந்தார், வாரம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுவதற்கும் ஆள் வைத்திருந்தார். ஞாபகம் வராமலா இருக்கும்? வந்தது. வந்தபோது சங்கிலிப்பாண்டி கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தான். அவன் அப்படி வேர்க்க விறுவிறுக்கச் சுற்றி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் பாண்டிசெல்விக்கு அவன்மேல் கல்யாணமான புதிதில்கூட வராத ஒரு பிரியம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கூமாப்பட்டியிலிருந்து பெரியவன் ஐயாதுரை வந்தான். சங்கிலிப்பாண்டிக்கு அண்ணன், கருப்பசாமிக்குப் பூசாரி. கெட்டவன் இல்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தோப்பிலிருந்து இளநீரும் வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டையும் சுமந்துகொண்டு வந்தவன்தான். தம்பி முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கொடைக்கு நாள் குறித்ததைச் சொன்னான்.

"வாரோம் மச்சான். பாட்டில் மட்டும் வேண்டாம்," என்றாள் பாண்டிசெல்வி.

"பாட்டில நானா கேக்கேன்? அவருல்லா கேக்காரு."

"டாக்டர் ஒரு சொட்டு கூடாதுங்காரு."

"டாக்டருக்குச் சாமி விசயம் என்ன தெரியும்? சாமி குடிச்சா ஒடம்புல ஒட்டாதும்மா. எங்கப்பா ஆயுசு பூரா கொடைக்குக் குடிச்சாவ."

"மாமா எந்த வயசுல போய்ச் சேந்தாவ?"

ஐயாதுரை மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தான். நாற்பது வயதுகூட நிறையாமல், வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அந்த மனிதர் செத்துப்போனது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கொடையோடு சேர்த்து யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். ஐயாதுரை, "சாமி குத்தம் ஆகிரும் செல்வி," என்று மெல்லச் சொன்னான். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே போனான்.

கொடைக்குப் போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். சங்கிலிப்பாண்டி அதற்குச் சம்மதிக்கவில்லை. வேறு யார் மேலும் இறங்காத சாமியை அந்தரத்தில் நிற்க வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து முட்டை தின்ன அவனால் முடியாது. பள்ளிக்கூடம் போகிற மகள் மாரீஸ்வரிக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அதனால்தான் என்று அவன் மனசு உடைந்துபோகும். பாண்டிசெல்விக்கும் அது புரிந்தது. அவளும் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவள்தான்.

ஜெபா ஒரு யோசனை சொன்னாள். "பாட்டில்ல கடுங்காப்பிய ஊத்தி மூடி வச்சிரு. பாக்கதுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்லாட்டி."

"ஒங்க சாமி மோந்து பாத்தா குடிக்காரு?"

"இந்த வருசம் ஏமாத்திருவேன். அடுத்த வருசம்? அதுக்கு அடுத்த வருசம்? ஆயுசு பூரா சாமிய ஏமாத்திக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்த?" பாண்டிசெல்வி துணியைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "நேராக் கேட்டுர வேண்டியதுதான்."

"யார்ட்ட?"

"அவர்ட்டத்தான்."

ஜெபா ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் சங்கிலிப்பாண்டி துணிப்பையில் சலங்கையையும் கச்சையையும் எடுத்து வைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

"சாமி வந்துட்டா அவியதான், நான் இல்ல செல்வி. என்ன பேசுதேன், என்ன செய்தேன், ஒண்ணும் தெரியாது. முழிச்சுப் பாத்தா வாய் கசக்கும். அம்புட்டுத்தான் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்கு," என்றான்.

பத்து வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தாள். அவன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பையை வாங்கிக் கச்சையை மடித்து வைத்தாள். "நீங்க இல்லாட்டி என்ன, நான் அங்கதானே இருப்பேன்," என்றாள்.

மறுநாள் உச்சி வெயிலில் வகையறா முழுவதும் கால்வாய்க் கரையில் கூடியிருந்தது. பிளவக்கல் அணைப் பக்கத்து மலை அருகில் வந்து நிற்பதுபோல் தெளிவாக இருந்தது. பீடத்துக்கு முன்னால் வாழையிலையில் படையல் போட்டிருந்தார்கள். சோறு, கெடாக்கறி, அவித்த முட்டை, சுருட்டு, ஓரத்தில் சந்தனம் பூசிய பாட்டில். கொடை நடத்துகிறவர்கள் இந்த வருஷம் கௌரவத்துக்காக விலை கூடிய சரக்காகவே வாங்கியிருந்தார்கள். ஆம்பளைகள் அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உருமி இழுத்தது. சங்கிலிப்பாண்டி கச்சை கட்டி, திருநீறு பூசி, கண்ணை மூடி நின்றான். முதலில் விரல்கள் நடுங்கின. ஆஸ்பத்திரியில் நடுங்கிய நடுக்கம் இல்லை அது. தோள் குலுங்கியது, தலை சுழன்றது, மேளம் வேகமெடுத்ததும் ஒரு கத்தல் கத்திக்கொண்டு எம்பிக் குதித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். அவன் நின்றபோது அந்த முகம் சங்கிலிப்பாண்டியின் முகமாக இல்லை. ஐயாதுரை அரிவாளைக் கொடுத்தான். கருப்பசாமி வாங்கிக்கொண்டார். பிறகு இடது கையை நீட்டினார்.

ஐயாதுரை பாட்டில் மூடியைத் திருகினான். வாசனை காற்றில் வந்தது. மூடி திறந்ததும் பாண்டிசெல்வி பெண்கள் கூட்டத்திலிருந்து புறப்பட்டு வந்து, பாட்டிலுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நின்றாள்.

மேளக்காரன் தானாக நிறுத்திவிட்டான்.

"செல்வி, வெலகு," என்றான் ஐயாதுரை.

"யாருட்டி நீ?" என்றார் கருப்பசாமி.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒன் பிள்ளைக்கு வாக்கப்பட்டு வந்தவ. ஒன்ட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கேன்."

"வழிய விட்டுட்டுக் கேளு."

"வழிய விட்டுட்டா கேக்கதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. நீ குடிக்கக் கூடாதுன்னு சொல்லல சாமி. எம்புட்டு வேணும்னாலும் குடி. இந்த ஒடம்புல குடிக்காத."

"இது எனக்குத் தந்த ஒடம்பு." அரிவாள் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

"ஒனக்குத் தந்த ஒடம்பத்தான் சாமி கேக்கேன், எப்படி வச்சிருந்த? கள்ளுகூடத் தொடாத ஆளு. மொத மொதக் குடிச்சது எங்க? இந்த மண்ணுல, ஒன் கொடையில. நீ குடிச்சிட்டு மலையேறிட்ட. அந்த ருசி இவரு நாக்குல நின்னுபோச்சு. வருசத்துக்கு ஒரு நாள் நீ குடிச்ச, மத்த நாளெல்லாம் இவரு குடிச்சாரு. ஈரல் அழுகிக் கெடந்தப்போ நான் பீ மூத்திரம் அள்ளுனேன். நீ வந்து அள்ளுனியா?"

கூட்டத்தில் யாரோ காதைப் பொத்திக்கொண்டார்கள். சாமியிடம் இப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ஆனால் அவள் சண்டைக்காரியாகப் பேசவில்லை. வீட்டுப் பெரியவரிடம் நியாயம் கேட்கிற மருமகள் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"இவுக அப்பாவையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போன. இவரையும் கூட்டிட்டுப் போயிட்டா அடுத்து யாரு மேல வருவ? எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. பெரிய மச்சானுக்கும் இல்ல. ஒன்னச் சொமக்க ஆள் கெடையாது சாமி. நீ வேணும், இவரும் வேணும். ரெண்டும் எனக்கு வேணும். நீயே ஒரு வழி சொல்லு."

கருப்பசாமி அவளையே பார்த்தார். மூச்சு புஸ்புஸ்ஸென்று இரைந்தது. பிறகு நீட்டிய கையை எடுக்காமலே அவளைத் தாண்டி எட்டி, ஐயாதுரையின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார்.

அவள் கண்ணை மூடவில்லை. பாட்டில் வாய்க்கு நேராகப் போனது. அவன் மூக்கு விடைத்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். அந்த இடத்தில் அவள் உயிர் போய் வந்தது என்று சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வது இல்லை. பாட்டில் அங்கேயே நின்றது. அப்புறம் கருப்பசாமி மலைப்பக்கம் திரும்பி ஒரு பெரும் சிரிப்புச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாட்டிலைப் பீடத்துக்கு முன்னால் மண்ணில் கவிழ்த்தார்.

சரக்கு மடமடவென்று கொட்டியது. காய்ந்த மண் ஒரு சொட்டு விடாமல் குடித்தது. ஆம்பளைகள் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அது பக்தியினால் வந்த பெருமூச்சு என்று நாமும் வைத்துக்கொள்வோம்.

"எம் பங்கு மண்ணுக்கு," என்றார் கருப்பசாமி. "இனி எல்லாக் கொடைக்கும் இப்படித்தான். கேட்டியாலே பூசாரி."

"கேட்டேன் சாமி," என்றான் ஐயாதுரை.

மேளம் வெடித்தது, குலவை வெடித்தது. பாண்டிசெல்வி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சாமி அவள் நெற்றியில் அள்ளிப் பூசிய திருநீறு கண்ணெல்லாம் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு குரல் கூத்தாடியது. ஊர் பார்க்க வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு வீட்டுக் கதை. ஐயாதுரையின் மனைவி பரிபூரணம் இருக்கிறாளே, நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசாதவள், அவள் வந்து புருஷனின் தோள் துண்டைப் பிடித்து இழுத்துச் சாமிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இவியளையும் என்னான்னு கேளு சாமி. கொடைக்குக் கொடை ஒனக்கு ஒரு பாட்டில் வச்சிட்டு, ஒம் பேரச் சொல்லி வாங்குன மத்த பாட்டிலெல்லாம் இவியதான் தீக்காவ."

கூட்டம் சிரித்தது. ஐயாதுரைக்கு முகம் கறுத்தது. தம்பி என்றால் அதட்டியிருப்பான், எதிரில் நிற்பது தம்பி இல்லையே. கையைக் கட்டிக்கொண்டு குனிந்தான். சாமி அவன் தலையில் கை வைத்து, "அப்பன் போன வழி ஒனக்கும் வேணுமாலே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு ஐயாதுரை உடைந்துபோனான். "வேண்டாம் சாமி, இனி தொடல," என்று சொல்லும்போது அவன் தாடை ஆடியது.

அப்புறம் சந்தனம் என்கிற பங்காளியை அவன் பெண்டாட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு பங்காளி சிவபாண்டியை அவன் மாமியாரே பிடித்துக்கொண்டு வந்தாள். நிலைமை புரிந்த நாலைந்து பேர் தென்னந்தோப்புப் பக்கம் நழுவப் பார்த்தார்கள், அங்கே வழியில் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தனாகத் தலையைக் கொடுத்துத் திருநீறு வாங்கினான். எல்லோரும் விட்டார்களா என்று கேட்காதீர்கள். சிவபாண்டி சித்திரை வரைகூடத் தாங்கவில்லை. ஆனால் ஐயாதுரை விட்டான், இன்னும் இரண்டு பேர் விட்டார்கள், வேறு இரண்டு பேர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஈரலைக் காட்டிவிட்டு வந்தார்கள். அதுவே அந்த வகையறாவுக்கு அதிகம்.

வரிசை நீண்டுகொண்டே போனது. பாண்டிசெல்வி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமியிடம் போனாள்.

"மிச்சப் பேர அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடலாம் சாமி. இவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சு. மலையேறு."

கருப்பசாமி மறுபேச்சுப் பேசவில்லை. அரிவாளைப் பீடத்தில் வைத்துவிட்டு மலையேறினார்.

சரிந்த சங்கிலிப்பாண்டியை ஐயாதுரை தாங்கிப் பிடித்தான். வேப்பமர நிழலில் உட்காரவைத்து விசிறினார்கள். மற்ற வருஷமெல்லாம் இந்த நேரத்தில் அவனை வேனில் தூக்கிப் போடுவார்கள், மறுநாள் மதியம்தான் கண் திறப்பான். இந்த வருஷம் கொஞ்ச நேரத்திலேயே திறந்தான். முதலில் நாக்கால் உதட்டைத் தடவினான். உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஊதி மோந்து பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தில் தேடிப் பாண்டிசெல்வியைக் கண்டுபிடித்தான்.

"செல்வி, குடிச்சேனா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். மண்ணுல ஊத்தியாச்சு."

"ஊத்துனது யாரு? அவியளா, நானா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்தத் தொண்டைக்குழி ஏறி இறங்கியது அவள் கண்ணிலேயே இருந்தது. "ரெண்டு பேருந்தான்," என்றாள்.

சற்றுமுன் சாமியாக நின்று ஊரையே கேள்வி கேட்டவன், அத்தனை பேர் பார்க்கப் பச்சைப் பிள்ளையாக அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முட்டையை உரித்து ஊட்டினாள். பாதியை மென்று விழுங்கிவிட்டு மறுபடியும், "குடிக்கலல்லா?" என்றான்.

"குடிக்கல," என்றாள். வீடு வந்து சேரும்வரை அவன் அதையே கேட்டுக்கொண்டு வந்தான். கேட்ட ஒவ்வொரு தடவையும் அவள் சலிக்காமல் பதில் சொன்னாள்.